மிருதங்கத்தை ஆராய்ந்த மேதை

எமது மல்வேர்ன் வாழ் பிள்ளைகளிற் சிலர் மிருதங்கம் பயில்கின்றனர். அதன் வலந்தலையின் நடுவே வட்டமாக அப்பியிருக்கும் கரிய சாந்து எதற்கென்று அவர்கள் வினவினால், சேர் சி. வி. இராமனின் வரலாற்றிலிருந்தே நாம் விடை கூறலாம்.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர், வயலினும் வாசிப்பார். மனைவியார் லோகசுந்தரி வீணை வாசிப்பவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907 இல் முதுமாணிப் பட்டம் பெற்ற இராமன், விஞ்ஞானத்தை நம்பி வாழ அக்காலத்தில் வழி அரிதாகையால், கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். ஆயினும் அலுவலகம் செல்லுமுன்னும் அலுவல் முடிந்த பின்னும் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழக ஆய்வுகூடத்தில் உழைத்தார். 1917 இல் பெருஞ் சம்பளத்தைத் துறந்து, அதனிற் குறைந்த ஊதியத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உத்தியோகத்தைப் பெரிதென மதிக்கும் எம்மவருக்கு இது எத்துணைத் துணிவென்று விளக்க வேண்டியதில்லை.

சாதாரணப் பறையின் தோலைத் தட்டினால், முதன்மை ஒலியுடன் எழும் துணையொலிகள் அதன் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கின்றி அமையும். வீணைத் தந்தியிலோ அவை 2, 3, 4 மடங்கு எனச் சீராக எழும். ஆகவே தோற்கருவி தாளத்துக்கே உரியது, இனிய சுருதி அதற்கில்லை என மேலைநாட்டார் கருதினர். மிருதங்கம் வேறுவிதமாக ஒலிப்பதை இராமன் ஆராய்ந்து, 1920 இல் உடனாய்வாளர் எஸ். குமாருடன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். பின்னர் தோலின் மீது நுண்மணலைத் தூவி, அது அதிரும் கோலங்களையும் பதிவு செய்தார். நடுவிலுள்ள சாந்தின் பாரத்தால் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சீரான ஒலிகளாக ஒன்றுசேர்கின்றன என்பதே அவர் கண்ட உண்மை. பழந்தமிழர் பெருமையென இதைப் பேசுவோர், சோறும் கற்பொடியும் அரைத்து அடுக்கடுக்காக அப்பி, செவியாலேயே பதம் பார்த்த கைவினைஞரை மறந்துவிடுகின்றனர். சமன்பாடு அறியாத அவர்களே இதனை முதலிற் கண்டவர்கள்.

1921 இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் இராமனைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே அந்நீலம் என்ற அன்றைய கருத்தை அவர் ஏற்கவில்லை. படிகமொன்றினால் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார், நீலம் நீங்கவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கின்றதெனத் தெளிந்தார்.

எம்மிற் பலர் அறியாத செய்தி யாதெனில், 1924 ஓகஸ்டில் அவர் நாம் வாழும் இதே ரொறன்ரோ நகருக்கு வந்திருந்தார். பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்க மாநாட்டில், எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அலைநீளம் மாறுமென்ற கொம்ப்ரனின் கருத்தைக் கடுமையாக எதிர்த்து வாதிட்டார். கொம்ப்ரன் கூறியதே சரி. அவருக்கு 1927 இல் நோபல் பரிசு கிடைத்தது. இராமனோ, தாம் எதிர்த்த அதே கருத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அத்தகைய மாற்றம் நிகழுமோ எனத் தேடலானார்.

1928 பெப்ரவரி 28 இல் அது கிட்டியது. திரவத்திற் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்தது. மிருதங்கத் தோலைப் போலவே மூலக்கூறும் தனக்கென அதிர்வுகளை உடையது. அவ்வதிர்வே ஒளியின் மாற்றத்தில் அளவாகப் பதிகின்றது. இரத்தினக்கல்லின் உண்மையையும் மருந்தின் கலப்படத்தையும் இன்று சோதிக்க உதவுவது இதுவே. இவ்வாய்வில் அல்லும் பகலும் உடனுழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் மற்றொரு தமிழர். 1930 இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தமை எமக்கு இன்றும் உறுத்தலே.

1933 இல் பெங்களூர் சென்றார்; 1948 இல் தமது பெயரால் அங்கு ஆய்வுநிலையம் நிறுவினார். முதுமையிற் பூக்களின் நிறங்களை ஆராய்ந்தவர், 1970 நவம்பர் 21 இல் காலமானார். உடல் அந்நிலையத் தோட்டத்திலேயே தகனஞ் செய்யப்பட்டது. நினைவுத்தூண் எதுவும் எழுப்பாது, அவ்விடத்தில் ஒரு மரம் நட்டனர்.