கெல்வின் பிரபுவும் ஒளிப்புள்ளியும்

வெப்பநிலையைக் கெல்வின் அளவில் எழுதும்போதெல்லாம் ஒரு விஞ்ஞானியின் பெயரை நாம் எழுதுகிறோம். பலருக்கும் அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். அவர் வாழ்க்கை வரலாற்றைப் படித்த எங்களுக்கோ, அவர் செய்த ஒரு சிறு கண்ணாடிக் கருவிதான் வியப்பூட்டியது. அதைப் பற்றித் தோழியருக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

வில்லியம் தாம்சன் என்பது அவரது இயற்பெயர். 1824 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். கணிதப் பேராசிரியரான தந்தையே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தந்தைக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே குடியேறியது. பத்து வயதில் தாம்சன் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். (நாம் அந்த வயதில் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம்!) பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்று, 1846 இல், இருபத்திரண்டாம் வயதில், கிளாஸ்கோவிலேயே பேராசிரியரானார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அப்பதவியை விட்டு அவர் நகரவில்லை.

அக்காலத்தில் அயர்லாந்துக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் இடையே கடலின் அடியில் தந்திக் கம்பி போட ஒரு கம்பெனி முனைந்தது. ஏறத்தாழ 2000 மைல் நீளம்! நீண்ட கம்பியில் மின்குறி உடனே பாய்ந்து சென்று சேராது. மெல்ல ஊறி, மங்கி வரும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பதைத் தாம்சன் 1855 இல் கணக்கிட்டுக் காட்டினார். கம்பெனியின் மின் அதிகாரியான ஒயிட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அவர் ஒரு மருத்துவர். மின்சாரத்தை வலுவாகச் செலுத்தினால் போதும் என்பது அவர் கட்சி. தாம்சனோ, செலுத்தும் மின்சாரம் சிறிதாகவே இருக்கட்டும், வந்து சேருவதைக் கண்டுபிடிக்கும் கருவி நுட்பமாக இருக்கட்டும் என்றார்.

அந்தக் கருவியை அவரே செய்தார். கம்பிச் சுருளின் நடுவே பட்டு நூலில் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடி தொங்கும். அதன் முதுகில் நுண்ணிய காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். எதிரே ஒரு விளக்கு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தொலைவிலுள்ள அளவுகோலில் ஒரு புள்ளியாக விழும். சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி இம்மியளவு திரும்பும். ஒளிப்புள்ளியோ அளவுகோலில் வெகு தூரம் நகரும். வலப்பக்கம் நகர்ந்தால் ஒரு குறி, இடப்பக்கம் நகர்ந்தால் மற்றொரு குறி. நம் ஆய்வுக்கூடத்துக் கால்வனாமீட்டரில் முள் இருக்கிறது. அந்த முள்ளுக்கு எடை உண்டு. ஒளி என்ற முள்ளுக்கு எடையே இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

பல முறை அறுந்த பிறகு, 1858 ஆகஸ்டு 5 ஆம் நாள் கம்பி இரு கரைகளையும் இணைத்தது. விக்டோரியா அரசியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேரப் பதினாறு மணி நேரமாயிற்று. ஒயிட்ஹவுஸ் சுமார் 2000 வோல்ட் வரை செலுத்திப் பார்த்தார். ஏற்கெனவே பழுதுகள் இருந்த கம்பியின் காப்பு அதைத் தாங்கவில்லை. அடுத்த மாதமே கம்பி ஊமையாயிற்று. ஒயிட்ஹவுஸ் வேலையை இழந்தார். பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒளிப்புள்ளி நகர்ந்தது என்பதால் மட்டும் எவ்வளவு மின்னோட்டம் என்று தெரிந்துவிடாது. அளவு தெரிந்த மின்கலத்தையும் மின்தடையையும் இணைத்து, புள்ளி எங்கே நிற்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அளவுகோலின் கோடுகளுக்குப் பொருள் உண்டு. ஆனால் அந்நாளில் மின்தடைக்கே எல்லோரும் ஒப்பிய அலகு கிடையாது! 1861 இல் அதற்கென ஒரு விஞ்ஞானிகள் குழு அமையத் தாம்சனே காரணமானார். கடைகளில் விற்ற செப்புக் கம்பிகளையும் அவர் சோதித்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவை மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிதும் வேறுபட்டன. ஆகவே, கம்பியைத் தொழிற்சாலையிலேயே சோதித்து வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1865 இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பல் புதிய கம்பியுடன் புறப்பட்டது. தாம்சனும் அதில் இருந்தார். இருட்டறையில் இரவு பகலாக ஒளிப்புள்ளியைக் காவல் காத்தனர். ஒரு நாள் புள்ளி அளவுகோலை விட்டே ஓடியது. கப்பலை நிறுத்தி, கம்பியைக் கடலிலிருந்து திரும்ப இழுத்துப் பார்த்தால், காப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புக் கம்பித் துண்டு! கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கிடந்த பழுதை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்தது. எனினும் ஆகஸ்டு 2 அன்று கம்பி அறுந்து இரண்டு மைலுக்கும் கூடுதலான ஆழத்தில் மூழ்கியது.

மறு ஆண்டு ஜூலை 27 இல் வேறொரு கம்பி வெற்றியாகக் கரை சேர்ந்தது. அத்துடன் விடாமல், மூழ்கிய பழைய கம்பியையும் கொக்கி போட்டுத் தேடினார்கள். அயர்லாந்தின் வாலன்ஷியா தீவில் அக்கம்பியின் மறுமுனை இருந்தது. ஓராண்டாக அதனோடு இணைத்த ஒளிப்புள்ளியை ஆட்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1866 செப்டம்பர் 2, ஞாயிறு விடியற்காலையில், அதுவரை பொருளின்றி அசைந்த புள்ளி திடீரென எழுத்துக்களாக ஆடத் தொடங்கியது. நடுக்கடலில் கம்பியைத் தூக்கிவிட்டார்கள்! அந்த விடியலில் காவல் இருந்தவரின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்!

பிறகு இரண்டு கம்பிகளையும் அமெரிக்கக் கரையில் ஒன்றாக இணைத்தார்கள். லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர், தையல் வகுப்பில் நாம் விரலில் மாட்டுகிறோமே, அந்த அங்குஸ்தான் போன்ற ஒரு வெள்ளி அங்குஸ்தானைக் கேட்டு வாங்கி, அதில் சிறிது அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டு மின்கலமாக்கினார். அந்தத் துளி மின்சாரம் அட்லாண்டிக் கடலைக் கடந்து, திரும்பியும் வந்து, ஒளிப்புள்ளியை நகர்த்தியது. ஒயிட்ஹவுஸுக்கு 2000 வோல்ட் தேவைப்பட்டதே!

அவ்வாண்டே தாம்சன் 'சர்' பட்டம் பெற்றார். எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரியாயிற்று என்று கூற முடியாது. பூமியின் வயதை மிகக் குறைவாகக் கணக்கிட்டு, புவியியலாருடன் நெடுநாள் வாதாடினார். 1892 இல் பிரபு ஆனபோது, தம் பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைச் சூடிக்கொண்டார். 1907 டிசம்பர் 17 இல் மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டன் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர்.