வயிற்றில் ஒரு ஜன்னல்

1822-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி. காலை நேரம்.

அமெரிக்காவின் வட எல்லையில், ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் இடத்தில் மக்கினா என்ற சிறு தீவு இருக்கிறது. காட்டு மிருகங்களின் ரோமத் தோலை வாங்கி விற்கும் கம்பெனி ஒன்று அங்கே கடை வைத்திருந்தது. தோல் மூட்டைகளைப் படகில் ஏற்றி வந்த ஆட்களால் அன்று கடை நிறைந்திருந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. ஒரு கஜ தூரம் கூட இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்த வாலிபர் ஒருவர் சுருண்டு விழுந்தார். அவருடைய சட்டை தீப்பற்றி எரிந்தது.

அந்த வாலிபரின் பெயர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். படகு தள்ளும் கூலியாள்.

தீவில் இருந்த ராணுவக் கோட்டையின் டாக்டருக்கு ஆள் ஓடியது. அரை மணி நேரத்துக்குள் டாக்டர் வந்து சேர்ந்தார். இடது மார்புக்குக் கீழே உள்ளங்கையை விடப் பெரிய காயம். விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரைப்பையும் எட்டிப் பார்த்தது. அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. காலையில் சாப்பிட்ட உணவு அதன் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒன்றரை நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் நினைத்தார். ஆனாலும் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். மார்ட்டின் பிழைத்துக்கொண்டார்.

விவசாயி மகன்

அந்த டாக்டர்தான் வில்லியம் போமாண்ட். கனெக்டிகட் மாநிலத்தில் லெபனான் என்ற ஊரில், 1785-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. வீட்டை விட்டுப் புறப்பட்டு, சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு டாக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்து, மருந்து இடிப்பதிலிருந்து கட்டுப் போடுவது வரை கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் பெரும்பாலான அமெரிக்க டாக்டர்கள் இப்படி உருவானவர்களே. 1812-ல் பிரிட்டனுடன் யுத்தம் மூண்டபோது ராணுவத்தில் சேர்ந்தார். துப்பாக்கிக் காயங்களுக்கு வைத்தியம் பார்க்கும் கை அங்கேதான் தேர்ந்தது. மக்கினா தீவுக்கு அவர் வந்த கதை அவ்வளவுதான்.

முதல் பதினேழு நாட்கள் மார்ட்டினுக்கு வாய் வழியாகக் கொடுத்த ஆகாரம் எதுவும் தங்கவில்லை. ஓட்டை வழியாக வந்துவிட்டது. ஆசனவாய் வழியாகத்தான் சத்து நீர் ஏற்றினார்கள். மாதங்கள் சென்றன. காயம் ஆறியது, ஓட்டை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு மார்புச் சுவருடன் ஒட்டி வளர்ந்துவிட்டது. டாக்டர் எத்தனையோ முறைகளைக் கையாண்டும் பயனில்லை. நாளடைவில் இரைப்பையின் உள் சவ்வு ஒரு மடிப்பாக வளர்ந்து உட்புறமிருந்து கதவு போல மூடிக்கொண்டது. சாப்பாடு வெளியே வருவது நின்றது. ஆனால் விரலால் லேசாகத் தள்ளினால் கதவு திறக்கும். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்!

இதற்கிடையே, இந்த நோயாளிக்கு இனிச் செலவு செய்ய முடியாது என்று ஊர் நிர்வாகம் கைவிரித்தது. 1,500 மைல் தொலைவில் உள்ள சொந்த ஊருக்குப் படகில் அனுப்பிவிடத் தயாரானார்கள். அனுப்பினால் வழியிலேயே இறந்துவிடுவார் என்று சொல்லி, போமாண்ட் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொண்டார். ராணுவ டாக்டரின் சம்பளம் மிகச் சொற்பம். வீட்டில் மனைவி, குழந்தைகள். அந்த நிலையில் அவர் செய்த இந்தக் காரியத்தைப் பெரிது என்றே சொல்ல வேண்டும். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது இதையும் மறந்துவிடக் கூடாது.

பட்டு நூலில் கட்டிய இறைச்சி

வயிற்றுக்குள் உணவு எப்படி ஜீரணமாகிறது என்பதில் அப்போது ஏகப்பட்ட கருத்துகள். அம்மியைப் போல் அரைக்கிறது என்றார்கள் சிலர். பானையைப் போல் வேகவைக்கிறது என்றார்கள் வேறு சிலர். உணவு புளித்து அழுகுவதே ஜீரணம் என்று சொன்னவர்களும் உண்டு. பிரான்சில் ரேமூர் என்ற விஞ்ஞானி, தாம் வளர்த்த பருந்துக்கு, உள்ளே இறைச்சி வைத்த உலோகக் குழாயை விழுங்கக் கொடுத்துப் பார்த்தார். இத்தாலியில் ஸ்பலன்சானி என்பவர் சிறு துணிப் பைகளில் உணவைக் கட்டித் தாமே விழுங்கினார்! வயிற்றில் ஏதோ ஒரு நீர் உணவைக் கரைக்கிறது என்று இவர்கள் ஊகித்தார்கள். ஆனால் உயிருள்ள மனிதனின் இரைப்பை வேலை செய்வதை யாரும் பார்த்ததில்லை.

1825-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி நண்பகல். போமாண்ட் ஒரு பட்டு நூலில் சமைத்த மாட்டிறைச்சி, பச்சை இறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றைத் துண்டு துண்டாகக் கட்டி ஓட்டை வழியாக உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்தார். கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. மீண்டும் உள்ளே விட்டார். 2 மணிக்கு எடுத்தபோது கோஸ், ரொட்டி, கொழுப்பு, வேகவைத்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை!

அடுத்து, இரைப்பை நீரைக் குழாய் வழியாக எடுத்து, ஒரு சிறு குப்பியில் ஊற்றி, அதில் இறைச்சித் துண்டைப் போட்டு, உடலின் சூட்டிலேயே வைத்திருந்தார். குப்பிக்குள்ளும் இறைச்சி கரைந்தது. நேரம்தான் பல மணி கூடுதலாயிற்று. ஆறிப்போன நீரில் கரையவில்லை. ஆகவே ஜீரணம் என்பது அரைப்பதும் அல்ல, அழுகுவதும் அல்ல. ஒரு நீர் உணவின் மீது செய்யும் ரசாயன வேலை என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. உள்ளே வெப்பமானியை விட்டார். 100 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. காலி வயிற்றின் சவ்வில் நாக்கை வைத்துக்கூடப் பார்த்தார், புளிப்பே இல்லை. உணவு உள்ளே போன பிறகுதான் அமில நீர் சுரக்கிறது என்று கண்டுகொண்டார்.

மார்ட்டினுக்குக் காய்ச்சல் வந்தால் இரைப்பையின் உட்புறம் சிவந்து வறண்டு போகும். நீர் சுரப்பது குறையும். அதிகமாகக் குடித்த நாட்களில் ஆங்காங்கே சிவந்த திட்டுகள் தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், அப்போதும் மார்ட்டின் தமக்கு ஒன்றும் இல்லை என்றே சொல்வார். கோபம் வந்த நேரங்களில் பித்த நீர் இரைப்பைக்குள் ஏறி வந்திருப்பதையும் டாக்டர் கண்டார். அந்தக் கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் டாக்டராகத்தான் இருந்திருக்க வேண்டும்!

ஓடிப் போனார்

சோதனை தொடங்கிய சில வாரங்களிலேயே மார்ட்டின் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொண்டு இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனும் ஆனார். நான்கு வருஷத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் மூலம் தேடிப் பிடித்து, குடும்பத்துடன் தம் செலவில் வரவழைத்தார் போமாண்ட். பகலில் விறகு பிளப்பது, வீட்டு வேலை. மற்ற நேரத்தில் சோதனை. 1831-ல் மார்ட்டின் மறுபடியும் ஊர் திரும்பினார். 1832-ல் ஒரு வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, தங்குமிடம் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மார்ட்டின் அதில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

சோதனைகள் மொத்தம் 238. அவற்றின் விவரங்களை 1833-ல் பிளாட்ஸ்பர்க் நகரில் சொந்தச் செலவில் புத்தகமாக வெளியிட்டார் போமாண்ட். எந்த உணவுக்கு எவ்வளவு நேரம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. பன்றி வறுவல் ஐந்தே கால் மணி. கெட்டியாக வேகவைத்த முட்டை மூன்றரை மணி. காய்ச்சிய பால் 2 மணி. வெந்த சோறு ஒரே மணி! காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுக்கும் நம் பாட்டிமார்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது உணவு இரைப்பையை விட்டுப் போகும் நேரம்தான். சோற்றிலுள்ள மாவுச் சத்து வாயில் உமிழ்நீரால் ஓரளவு மாறுகிறது. மீதி வேலை சிறுகுடலில்தான் நடக்கிறது. கணைய நீரும் பித்த நீரும் அங்கேதான் வந்து கலக்கின்றன. ஆறு மீட்டர் நீளமுள்ள அந்தக் குடலின் உட்சுவரில் உள்ள மெல்லிய குடலுறிஞ்சிகள் சத்தை இழுத்து ரத்தத்தில் சேர்க்கின்றன. பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் தள்ளுகிறது. போமாண்டின் ஜன்னல் இரைப்பையில் மட்டுமே இருந்தது. அதனால் உமிழ்நீர் உணவை நனைக்க மட்டுமே உதவுகிறது என்று தவறாகக் கருதினார். ஆனால் இரைப்பை நீரில் அமிலம் தவிர வேறு ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியது சரியாகிவிட்டது. 1836-ல் ஜெர்மனியில் ஷ்வான் என்பவர் பெப்சினைக் கண்டுபிடித்தார்.

1834-ல் ஊருக்குப் போன மார்ட்டின் திரும்பி வரவே இல்லை. பணம் தருவதாகவும், நிலம் தருவதாகவும், குடும்பத்தை விட்டுத் தனியாக வரும்படியும் பல வருஷங்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார் போமாண்ட். உயிரைக் காப்பாற்றிய டாக்டருக்கு நன்றி இல்லையே என்று அன்றைய டாக்டர்கள் மார்ட்டினைக் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் படுத்திருந்து, நூல் இழுபடுவதைப் பொறுத்துக்கொண்டிருந்தவர் அவர். பார்ப்பவர்களின் கேலிக்கும் ஆளானார். பட்ட கடனை அவர் எப்போதோ தீர்த்துவிட்டார்.

போமாண்ட் ராணுவத்தை விட்டு செயின்ட் லூயிஸ் நகரில் வைத்தியம் பார்த்துப் பேர் பெற்றார். 1853-ல் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பனி உறைந்த படியில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. ஏப்ரல் 25-ந் தேதி காலமானார்.

ஓட்டையோடு வாழ்ந்த மார்ட்டின், டாக்டரை விட இருபத்தேழு வருஷம் அதிகம் இருந்தார். 1880 ஜூன் 24-ந் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இறந்தார். அவருடைய இரைப்பையை வாஷிங்டன் ராணுவ மருத்துவ மியூசியத்தில் வைக்க வேண்டும் என்று, பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற டாக்டர் ஆஸ்லர் முயன்றார். குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. வெயில் காலம். யாருக்கும் பயன்படாதபடி உடல் கெட்டுப் போகட்டும் என்று நான்கு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். பிறகு எட்டு அடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.