சக்கரத்தை அகட்டி வைத்த பெர்குசன்

மாஸி பெர்குசன் டிராக்டரை ஒருமுறையாவது வாடகைக்கு அழைக்காத விவசாயி நம் பக்கம் அபூர்வம். அந்தப் பெயரின் பின்பாதிக்குச் சொந்தக்காரரான ஹாரி பெர்குசன், வயல் வேலை பிடிக்காமல் வீட்டை விட்டுப் போன ஒரு விவசாயி மகன். இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரை எடுத்தாலும், பின்னால் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு அவர் வழியில் வந்ததுதான். டிராக்டர் கவிழ்ந்து ஆள் சாவதைக் குறைக்க வேண்டும் என்பதும் அவருடைய உழைப்பின் பின்னால் இருந்தது.

அவர் பிறந்தது 1884 நவம்பர் 4-ல், அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ட்ரோமோர் அருகே உள்ள குரோவெல் என்ற சிற்றூரில். பதினோரு பிள்ளைகளில் நான்காவது. அந்த மாவட்டம் சமவெளி அல்ல. கவிழ்த்து வைத்த கூடைகளைப் போல மண்மேடுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் சரிவுகளில் சின்னச் சின்ன வயல்கள். குதிரை பூட்டி உழுத காலம் அது. 1902-ல் ஹாரி ஊரை விட்டு பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய வாகனப் பட்டறைக்கு வேலைக்குச் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-ல், தானே செய்த விமானத்தில் ஏறிப் பறந்தார். அயர்லாந்தில் முதலில் பறந்தவர் அவர்தான்.

1911-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். முதல் உலகப்போர் வந்ததும் உணவுப் பஞ்சம் வரும் என்ற பயத்தில் அரசு டிராக்டர்களைக் களத்தில் இறக்கியது. 1917-ல் அந்த டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பு பெர்குசனுக்கு வந்தது. உதவியாளர் வில்லியம் சாண்ட்ஸுடன் அயர்லாந்து முழுவதும் சுற்றினார். வெறுத்து ஓடிய அதே வயலுக்கு இப்போது பட்டறைக்காரனின் கண்ணோடு திரும்பி வந்தார் என்று சொல்லலாம்.

அவர் கண்ட குறை இதுதான். குதிரைக்குப் பின்னால் கட்டியது போலவே டிராக்டருக்குப் பின்னாலும் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கொழு கல்லில் மாட்டினால் குதிரை நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. பின் சக்கரம் நகர முடியாதபோது, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலே மேலே எழும்பும். முன்பக்கம் தூக்கி, பின்புறமாகப் புரண்டு, ஓட்டியவர் அடியில் நசுங்குவார். அந்தக் காலத்து ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

கலப்பையைத் தனியாக இழுக்காமல் டிராக்டரோடு ஒரே உடலாக்கினால் என்ன என்று பெர்குசன் யோசித்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை தடைபட்டால் டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன் சக்கரம் தரையை விட்டு எழாது. இழுவை கூடக் கூட, ஹைட்ராலிக் தானே ஆழத்தைச் சரிசெய்யும். 1920-களின் நடுவில் இதற்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. ஆனால் இதை வைத்து டிராக்டர் செய்ய ஆள் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. 1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து முதல் டிராக்டர் வந்தது. விற்றது சுமார் 1,350 மட்டுமே.

1938 அக்டோபரில் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டுக்கு உழுது காட்டினார். எழுத்தில் எதுவும் இல்லை. இருவரும் கைகுலுக்கியதுதான் ஒப்பந்தம். 1939 ஜூனில் ஃபோர்ட் 9என் டிராக்டர் வெளிவந்தது. பின்புறமாகப் புரளும் ஆபத்தை இணைப்பு முறை குறைத்தது என்றால், பக்கவாட்டில் சாயும் ஆபத்துக்கு இந்த டிராக்டரில் இன்னொரு வழி இருந்தது. அதுதான் சக்கர இடைவெளி.

சக்கரத்தை நகர்த்தும் வசதி அமெரிக்காவில் வேறு டிராக்டர்களிலும் இருந்ததுதான். அதன் முதல் நோக்கம் சரிவும் அல்ல. பயிர் வரிசை மிதிபடாமல் களை எடுப்பதே. 9என் டிராக்டரில் பின் சக்கர இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, நான்கு நான்கு அங்குலமாக எட்டு நிலைகளில் மாற்றலாம். இதற்குத் தனி உதிரிபாகம் வேண்டாம். ரிம்மை டிஸ்க்கின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மாட்டலாம். குழிந்த டிஸ்க்கையே திருப்பிப் போடலாம். முன் அச்சின் இரு முனைகளையும் போல்ட் கழற்றி இழுத்து வைக்கலாம். அச்சு பின்னோக்கிச் சாய்ந்து அமைந்திருப்பதால், அகலத்தை மாற்றினாலும் ஸ்டியரிங் கம்பிகளைத் தொட வேண்டியதில்லை. நேர்த்தி விஷயத்தில் பிடிவாதக்காரரான பெர்குசன், தன் டிராக்டரோடு கொடுத்த ஸ்பேனரிலேயே அங்குல அளவைக் குறித்து வைத்தார். நட்டைக் கழற்றவும் அளக்கவும் அந்த ஒன்றே போதும்.

சரிவில் கால்களை அகட்டி நிற்பவன் விழமாட்டான் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் டிராக்டருக்கு எந்தக் காலை அகட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுகிறது. அதனால் டிராக்டர் நான்கு காலில் நிற்பதாகத் தோன்றினாலும், உண்மையில் மூன்று காலில்தான் நிற்கிறது: இரண்டு பின் சக்கரம், நடு முளை. முன்னால் மட்டும் அகலப்படுத்தினால், அச்சு ஆடி முடிந்து தடையில் முட்டும் வரை பயன் ஏதும் இல்லை. காப்பாற்றுவது பின் சக்கரம்தான்.

கணக்காகவே பார்க்கலாம். 48 அங்குலத்தில் நடுவிலிருந்து சக்கரத்துக்கு 24 அங்குலம். 76-ல் 38. எடை மையம், பின் அச்சிலிருந்து முன் அச்சுவரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் நமக்குக் கிடைக்கும் தாங்கல் சுமார் 16 அங்குலமும் 25 அங்குலமும். ஒன்பது அங்குலம் கூடுதல். இதுவும் நின்றுகொண்டிருக்கும் டிராக்டருக்கே. பள்ளத்துப் பக்கச் சக்கரம் குழியில் இறங்கினாலோ, மேட்டுப் பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலோ, வேகமாகத் திருப்பினாலோ அந்த ஒன்பது அங்குலமும் நொடியில் கரைந்துவிடும்.

இறக்கைக் கலப்பை போட்டு உழும்போது ஒரு சக்கரம் சாலில் ஓட வேண்டும். அதற்குக் குறுகலான இடைவெளிதான் தோது. அதனால் உழவு முடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டு, அதே டிராக்டரோடு சரிவில் ஏறுகிறார்கள். ஆபத்து தொடங்குவது இங்கேதான். மாற்றுவது அரை நாள் வேலை. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, அச்சுக்கு அடியில் மரக்கட்டை வைத்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். டிஸ்க்கைத் திருப்பினால் டயரின் அம்புக்குறி பின்னோக்கிப் போய்விடும். இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட வேண்டும். சில மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு அகலம் வரை அனுமதி என்பது கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் அச்சும் பேரிங்கும் பாதிக்கும்.

பெர்குசனின் கைகுலுக்கல் ஒப்பந்தம் நிலைக்கவில்லை. ஃபோர்டின் பேரன் 1946-ல் அதை முறித்து, அதே அமைப்பில் தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். பெர்குசன் வழக்குப் போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்ட் நிறுவனம் சமரசம் செய்தது. இடையில் 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அவருடைய சொந்தப் பெயரில் டிஇ20 டிராக்டர் வெளிவந்தது. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதிலும் சக்கர இடைவெளியை மாற்றும் அதே வசதி இருந்தது. 1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு தன் தொழிலை இணைத்தார். ஒத்துப்போகாமல் அடுத்த ஆண்டே விலகினார். பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

1960 அக்டோபர் 25-ல், 75 வயதில் இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்தார். அதே 1960-ல்தான் மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்க சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த வரிசையில் வந்த பழைய வண்டிகள் பல இன்றும் நம் ஊர்களில் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் பின் ரிம் போல்ட்டின் மேல் கம்பெனி பூசிய பெயின்ட் கலையாமல் அப்படியே இருக்கிறது.