தாபா போசியு மலை காத்த மக்கள்: மொஷ்வேஷ்வேயின் வாழ்வு

நாலாபுறமும் தென்னாபிரிக்காவால் சூழப்பட்ட சிறிய மலைநாடு லெசோத்தோ. கடல் இல்லை. பரப்பளவு 30,355 சதுர கிலோமீற்றர் மட்டுமே. இந்த நாடு இன்றும் உலக வரைபடத்தில் தனித்து நிற்பதற்கு முதன்மைக் காரணம், 1870 இல் மறைந்த மொஷ்வேஷ்வே என்ற தலைவர்.

1786 ஆம் ஆண்டளவில் மென்குவானெங் என்ற இடத்தில், சிறிய குலமொன்றின் தலைவருக்கு மகனாகப் பிறந்தார். இளமையில் எதிரிகளின் மாடுகளைக் கவர்வதில் பேர்பெற்றவர். சவரக்கத்தி மழிப்பதுபோல மந்தையைத் துடைத்தெடுத்து வந்ததால், கத்தியின் ஓசையைக் குறிக்கும் இந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது என்பார்கள்.

1820 களில் அந்தப் பிரதேசம் முழுவதும் போரும் பஞ்சமும் பரவின. ஊர்கள் எரிந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். 1824 இல் முற்றுகைக்குள்ளான மொஷ்வேஷ்வே, கடுங்குளிரில் தன் மக்களோடு தாபா போசியு மலைக்கு நடந்தார். வழியில் பின்தங்கிய அவரது பாட்டனாரை, பட்டினியால் மனித இறைச்சி உண்ணும் நிலைக்கு வந்திருந்த ஒரு கூட்டம் பிடித்துத் தின்றது. பின்னர் அவர்கள் அகப்பட்டபோது கொல்ல வேண்டும் என்றார்கள். மொஷ்வேஷ்வே மறுத்தார். பாட்டனாரின் புதைகுழி அவர்களுடைய வயிறுதான் என்று கருதி, மாடுகளைக் கொடுத்துக் குடியமர்த்தினார். பசோத்தோ மக்கள் இன்றும் சொல்லும் கதை இது.

தாபா போசியு, செங்குத்தான பாறைச் சுவர்களும் தட்டையான உச்சியும் கொண்ட மலை. உச்சியிலேயே ஊற்றுநீர் உண்டு. மொஷ்வேஷ்வே வாழ்ந்தவரை அதை யாரும் தாக்கிப் பிடிக்கவில்லை. வெவ்வேறு குலங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அவர் மாடுகளை இரவல் கொடுத்தார். பால் அவர்களுக்கு, மாடு தலைவருக்கு என்பது ஏற்பாடு. சிதறி வந்தவர்கள் இப்படித்தான் ஒரே மக்களானார்கள்.

எதிரியை அவமானப்படுத்தாமல் அனுப்புவது அவரது வழக்கம். 1831 இல் தோற்றுத் திரும்பிய ந்டெபெலே படைக்கு, வழியில் உண்ண மாடுகளை அனுப்பினார். அவர்கள் மீண்டும் வரவில்லை. 1833 இல் வந்த பிரெஞ்சு மிஷனரிமார் மூலம் வெள்ளையரோடு கடித உறவைப் பழகிக்கொண்டார். 1852 இல் பெரேயாவில் பிரித்தானியப் படையை எதிர்த்து நின்றபின், அன்றிரவே சமாதானம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பிரித்தானியத் தளபதி மானம் கெடாமல் விலகிச் செல்ல அந்தக் கடிதம் வழிவிட்டது.

ஆனால் ஒரேஞ்ச் சுதந்திர அரசின் போயர் குடியேறிகளுக்குத் தேவைப்பட்டது நிலம். 1865 இல் மலையைப் பிடிக்க முடியாதபோது, பயிர்களை அழித்து மாடுகளைக் கவர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பட்டினி, விளைநிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் அவரைக் கொண்டு நிறுத்தியது. முதுமையிலிருந்த மொஷ்வேஷ்வே பிரித்தானியாவின் பாதுகாப்பைக் கோரினார். 1868 மார்ச் 12 இல் அது கிடைத்தது. ஆனால் 1869 இல் பிரித்தானியாவும் ஒரேஞ்ச் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால், கலிடன் ஆற்றுக்கு மேற்கேயிருந்த வளமான நிலம் போயர்களிடமே போனது. 1870 மார்ச் 11 இல் அவர் இறந்தார்.

பாதுகாப்பு என்பது விடுதலை அல்ல. 1871 இல் மக்களைக் கேளாமலே நாடு கேப் குடியேற்ற அரசிடம் கையளிக்கப்பட்டது. ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது பசோத்தோக்கள் மறுத்துப் போரிட்டார்கள். 1884 இல் மீண்டும் லண்டனின் நேரடி ஆட்சி வந்தது. 1910 இல் உருவான தென்னாபிரிக்க ஒன்றியத்தில் சேர்க்கப்படாததால், பின்னர் வந்த நிறவெறி ஆட்சிக்குள் அவர்கள் அகப்படவில்லை. 1966 ஒக்டோபர் 4 இல் சுதந்திரம் பெற்றார்கள்.

மொஷ்வேஷ்வே மக்களைக் காத்தார். நிலத்தைக் காக்க முடியவில்லை. அந்த இழப்பின் விலையை, தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகப் போன தலைமுறைகள் செலுத்தின. கணக்கு இன்னும் மூடப்படவில்லை: பறிபோன நிலங்களை மீளக்கோரும் பிரேரணை 2023 இல் லெசோத்தோ நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது.