நீதிமன்றத்திலிருந்து பாலர் வகுப்புக்கு



காங்கேயத்தில் பொழுது விடியும்போதே வேலையும் தொடங்கிவிடுகிறது. களங்களில் தேங்காய் உடைத்துக் காயவைக்கிறார்கள். அரிசி ஆலைகளில் இயந்திரங்கள் ஓடத் தொடங்குகின்றன. திருப்பூர் சாலையில் பனியன் கம்பெனி வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. சற்று நேரத்தில் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு சிறு பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போய்விடும் வீடுகளில், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி ஆசிரியரோடுதான் கழிகிறது.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, கம்பெனியிலோ அலுவலகத்திலோ சில ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு, நாமும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போனால் என்ன என்ற எண்ணம் வரலாம். வந்த உடனே வீட்டில் கேள்விகளும் வரும். ஒழுங்காக நடக்கும் வேலையை விடுவதா? கல்லூரியில் கற்பித்தாலாவது பரவாயில்லை, அ, ஆ சொல்லிக்கொடுக்கவா இவ்வளவு படித்தோம்? இப்படி ஒரு திருப்பத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் நின்ற ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் கிஜுபாய் பதேக்கா.

கிரிஜாசங்கர் என்பது அவருடைய இயற்பெயர். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்னும் ஊரில் 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பிறந்தார். இளம் வயதில், 1907-ல், பிழைப்புத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்து, பம்பாயில் சட்டம் பயின்று, வத்வான் என்னும் ஊரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். தொழில் நன்றாகவே நடந்தது. அப்படியே இருந்திருந்தால் வசதியான ஒரு வழக்கறிஞராக வாழ்ந்து முடித்திருப்பார். அவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1913-ல் அவருக்கு நரேந்திரன் என்ற மகன் பிறந்தான். மகனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கேள்வி தந்தையின் மனத்தில் எழுந்தது. அந்நாளைய பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமும்தான் ஆட்சி செய்தன. தன் பிள்ளையை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நல்ல பள்ளி எது என்று தேடத் தொடங்கினார். குஜராத்தின் கல்விப் பணியாளர் மோதிபாய் அமீனின் வழிகாட்டுதலால் மாண்டிசோரி முறையைப் பற்றி அறிந்தார். வாசோ என்னும் ஊரில் நடந்துவந்த பள்ளியையும் போய்ப் பார்த்தார். மாண்டிசோரி அம்மையாரும் வேலை மாறி வந்தவர்தாம். இத்தாலியில் மருத்துவராக இருந்த அவர், 1907-ல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் சிறுவர் இல்லம் தொடங்கினார்.

இந்த இடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடாத பெற்றோர் இல்லை. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிறோம். நல்ல பள்ளி கிடைத்ததும் தேடல் முடிந்துவிடுகிறது. கிஜுபாய்க்கு அங்கே முடியவில்லை. தன் மகனுக்கு ஆகாதது மற்றவர் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி ஆகும் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு தந்தையின் கவலை ஓர் ஆசிரியரின் அழைப்பாக மாறியது இப்படித்தான்.

அப்போது பவநகரில், நானாபாய் பட் 1910-ல் தொடங்கிய தட்சிணாமூர்த்தி என்னும் மாணவர் விடுதி இருந்தது. அதற்கு 1915-ல் கிஜுபாய் சட்ட ஆலோசகராக உதவினார். அடுத்த ஆண்டே வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்திலேயே முழுநேரப் பணியாளராகச் சேர்ந்தார். வயது முப்பதை எட்டியிருந்தது. மனைவியும் மகனும் இருந்தார்கள். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்த வேண்டும் என்பதை அறிந்தே அவர் அந்த முடிவை எடுத்தார்.

முதலில் விடுதிப் பொறுப்பைப் பார்த்தார். பின்னர் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். வளர்ந்த மாணவர்களோடு பழகப் பழக, அச்சமும் போட்டியும் மனப்பாடப் பழக்கமும் அவர்களுக்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டன என்பது அவருக்குப் புரிந்தது. அதை அந்த வயதில் மாற்றுவது கடினம், சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்று உணர்ந்தார். 1920-ல் இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காகப் பால மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார்.

உலகத்தின் கணக்குப்படி பார்த்தால், அவர் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் கீழ்நோக்கியதுதான். வழக்கறிஞரிலிருந்து விடுதிக் கண்காணிப்பு, உயர்நிலைப் பள்ளித் தலைமையிலிருந்து மூக்கு ஒழுகும் மழலைகள். ஆனால் அந்தக் கீழ்ப்படியில்தான் அவர் தம் பணியைக் கண்டடைந்தார். கட்டடத்துக்குக் கடைக்கால் எடுப்பவர் தரைக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

பால மந்திரில் அடி இல்லை, திட்டு இல்லை, பரிசு காட்டி ஆசையூட்டுவதும் இல்லை. குழந்தைகள் பாடினார்கள், ஆடினார்கள், தோட்டத்தில் வேலை செய்தார்கள், தங்கள் கைகளாலேயே பொருள்களை எடுத்துப் பயின்றார்கள். மாண்டிசோரியின் முறையைக் கிஜுபாய் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. கற்பனைக் கதைகளுக்கு அந்த முறையில் பெரிய இடம் இல்லை. நம் நாட்டுக் குழந்தை பாட்டியின் மடியில் கதை கேட்டு வளர்வது என்பதை அறிந்திருந்த கிஜுபாய், நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். பெரிய மீசை வைத்திருந்த அவரை மீசை வைத்த அம்மா என்று குஜராத் மக்கள் அன்போடு அழைத்தார்கள். எந்த நீதிமன்றத்திலும் கிடைத்திராத பட்டம் அது!

இந்த வேலை எளிது என்று அவர் யாரையும் ஏமாற்றவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய திவாஸ்வப்னம் என்னும் நூல் பகல் கனவு என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. புதிய முறையில் கற்பிக்க விரும்பும் ஒருவர், கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று நான்காம் வகுப்பை ஓர் ஆண்டுக்கு ஏற்கும் கதை அது. நிறையத் திட்டங்களோடு வகுப்புக்குள் நுழைகிறார். பிள்ளைகளை அமைதியாக அமரவைக்க அவர் வைத்திருந்த முதல் முயற்சியே கூச்சலில் முடிகிறது. தோற்றுப்போய் வீட்டில் அமர்ந்து, தவறு பிள்ளைகளிடம் இல்லை, தம் திட்டத்தில்தான் என்று ஒப்புக்கொள்கிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. சக ஆசிரியர்களின் ஏளனம், பெற்றோரின் ஐயம், ஆண்டு இறுதித் தேர்வு என்னும் கவலை எல்லாம் அந்த நூலில் மறைக்கப்படாமல் இருக்கின்றன. வேறு வேலையிலிருந்து பள்ளிக்கு வர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய நூல் அது என்று சொல்லலாம்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். இராஜ்கோட்டில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரியில் உயர்ந்த பொறுப்பில் இருந்த தாராபாய் மோடக், 1923-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் பவநகருக்கு வந்து கிஜுபாயோடு இணைந்தார். பிற்காலத்தில் மகாராஷ்டிராவின் கோஸ்பாடில் பழங்குடிக் குழந்தைகளுக்காக உழைத்தார். இன்று நம் ஊர்தோறும் வழங்கும் அங்கன்வாடி என்ற சொல்லே அவருடைய பணியிலிருந்து வந்தது என்பார்கள்.

பவநகரில் ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. கிஜுபாய் குழந்தைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் ஏறக்குறைய இருநூறு நூல்கள் எழுதினார். 1939-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அதே ஆண்டின் பிற்பகுதியில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யாருடைய எழுத்து தம் வாழ்வின் திசையை மாற்றியதோ, அவர் இந்திய மண்ணில் கால் வைத்ததைக் காண கிஜுபாய் இல்லை. ஆனால் அம்மையார் வருவதற்கு முன்பே விதை இங்கே முளைத்துவிட்டிருந்தது.

அன்பார்ந்தவர்களே, இன்று வேலை மாறுவதற்கு முறையான வழிகள் உள்ளன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பும், ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சியும் வேண்டும். இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் வீட்டை எப்படி நடத்துவது, படித்து முடித்தபின் பணியிடம் எப்போது கிடைக்கும் என்பவை நியாயமான கேள்விகள். குடும்பத்தோடு அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிஜுபாயின் வாழ்வு அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அதற்கு முன்னதாக வேறொரு கேள்வியை நம்மிடம் கேட்கிறது.

விடுமுறை அதிகம், ஓய்வு கிடைக்கும், மதிப்பான வேலை என்பதற்காகவா வருகிறோம்? அல்லது யார் வீட்டுப் பிள்ளையோ வாய் திறக்காமல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பது நம் மனத்தை உறுத்துகிறதா? காங்கேயம் பகுதிப் பள்ளிகளில் இன்று உள்ளூர்ப் பிள்ளைகளோடு, பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி. முதல் வகுப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் ஆசிரியரைப் பொறுத்தே, பள்ளி அவர்களுக்குப் பிடித்த இடமாகவோ ஓடிப்போக நினைக்கும் இடமாகவோ ஆகிறது.

வேலை மாற இயலாதவர்களும் வருந்த வேண்டாம். வேலை முடிந்து வந்தபின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதை சொல்ல நம்மால் முடியும். வாய்ப்புள்ளவர்களோ, கீழே இறங்குகிறோமே என்று தயங்க வேண்டாம். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால், யாராக இருந்தாலும் குனிந்துதான் ஆக வேண்டும்.