மேரி ஷெல்லி அம்மையார்

'பிராங்கன்ஸ்டைன்' என்னும் கதையால் உலகறிந்த மேரி ஷெல்லி அம்மையார் 1797ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்த சின்னாட்களுள் தாயை இழந்தார். பெற்ற மக்கள் நால்வருள் மூவர் இளமையிலேயே மாண்டனர். 1822இல் கணவராகிய கவிஞர் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கி இறந்தார். 1824இல் நண்பர் பைரனும் கிரேக்க நாட்டில் உயிர் நீத்தார். அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபத்தாறே.

1826இல் 'கடைசி மனிதன்' என்னும் நவீனத்தை வெளியிட்டார். அம்மையாரின் உள்ளத்தை அறிய விழைவோர் இந்நூலையே நாடல் வேண்டுமென்பது எம் கருத்து. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயொன்று மனிதகுலத்தை அழித்துவிடுகிறது. வெர்னி என்பானும் அந்நோய்வாய்ப்பட்டுப் பிழைத்து, இறுதியில் தனியனாய் எஞ்சுகிறான். ஆளற்ற உரோமாபுரியில், படிப்பாரின்றியும், தன் வரலாற்றை எழுதி முடிக்கிறான். பின்னர், எக்கரையிலேனும் மற்றொருவர் உயிரோடிருத்தல் கூடுமென்று எண்ணி, ஒரு நாயையும், ஹோமர், ஷேக்ஸ்பியர் நூல்களையும் படகிலேற்றிக்கொண்டு புறப்படுகிறான். கண்டானா இல்லையா என்பதை அம்மையார் கூறவில்லை.

மதிப்புரைகாரர் நூலை இகழ்ந்தனர். அவர்கள் ஆசிரியர் பெயரை வெளியிட்டமையால் மாமனார் சினந்து, அளித்துவந்த உதவித்தொகையைச் சிலகாலம் நிறுத்தினார். அம்மையாரோ தொடர்ந்து எழுதி, எஞ்சிய ஒரே மகனைக் கேம்பிரிட்ஜ் வரை படிப்பித்தார். 1839இல் கணவரின் கவிதைகளைத் தம் குறிப்புரையுடன் பதிப்பித்தார். 1851இல் இலண்டனிற் காலமானார்.