இரு விரல்களால் இசை வளர்த்தவர்

கித்தார் பழகத் தொடங்கும் மாணவர் சிலர், விரல்நுனி வலிக்கிறதென்று சில நாட்களிலேயே அதனை மூலையில் வைத்துவிடக் காண்கிறோம். அத்தகையோர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் இசைமேதையின் வரலாற்றை அறிதல் நன்று.

இவர் 1910ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில், வண்டியையே வீடாகக் கொண்டு ஊர்தோறும் சென்று வாழ்ந்த ரோமானி இனத்தில் பிறந்தார். சிறுவயதில், பிறர் வாசிப்பதைப் பார்த்தே பாஞ்சோ வாசிக்கக் கற்றார். 1928இல் அவ்வண்டி தீப்பற்றியது. நரம்புகளை அழுத்தும் இடக்கையில் மோதிர விரலும் சிறுவிரலும் முடங்கின. இனி வாசித்தல் அரிதெனப் பலரும் எண்ணினர்.

தம்பி ஜோசப் ஒரு கித்தாரைக் கொணர்ந்து கொடுத்தார். ஜாங்கோ, கற்றதையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து கற்கலானார். சுட்டுவிரலும் நடுவிரலுமே பெரும்பாலும் ஓடும் புதிய முறையை வகுத்துக்கொண்டார். 1934இல் பாரிஸ் நகரில், வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியுடன் ஐவர் குழுவில் இணைந்து, ஜாஸ் இசையில் அழியாப் புகழ் எய்தினார். 1953இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! பால்வெட்டும் கத்தி பிடித்த நம் பெற்றோர் கைகளும் முதலில் கொப்புளித்தவையே. பழகப் பழக உரமேறின. கித்தார் பழகும் விரல்களும் அவ்வாறே சில வாரங்களில் உறுதிப்படும். நாள்தோறும் கால்மணி நேரமாவது விடாது பழகுவோமாக!